கை கற்பித்த கல்வி: வில்லியம் மொறிஸ் வரலாறு

ஒரு தொழிலைப் பற்றி நின்று, அதிலேயே பழகிப் பழகி முதிர்தல் வேண்டும் என்பது பெரியோர் கொள்கை. இன்று ஒன்று, நாளை ஒன்று எனத் தாவுகின்றவன் எதனையும் முடிக்கமாட்டான் என்று ஆசிரியராகிய நாமும் வகுப்பறையிலே நாள்தோறும் கூறி வருகின்றோம். அக்கொள்கை பெரும்பான்மையும் உண்மையே. ஆயினும், மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்து அதற்கு மாறுபட்டதாய்த் தோன்றி, ஆழ்ந்து நோக்குமிடத்து அதனையே வேறொரு வகையால் மெய்ப்பிக்கும் வாழ்க்கையும் உலகிற் சிலவுள. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கிலாந்து தேசத்தில் வாழ்ந்த வில்லியம் மொறிஸ் என்பாரின் வாழ்க்கை அத்தகையது.

இவர் சமய குருவாதற்கென்று படிக்கப் புகுந்தார். அதனை விடுத்துக் கட்டடக் கலை பயின்றார். அதனையும் விடுத்து ஓவியந் தீட்டினார். பின்னர்ப் பூத்தையல், வண்ணக் கண்ணாடிச் சாளரம், சுவர்த்தாள், எழுத்தணி, சாயத் தோய்ச்சல், சீலையச்சு, நெசவு, கம்பளம், சித்திரத் திரைச்சீலை, அச்சுக்கலை என ஒன்றன்பின் ஒன்றாகப் பல கைத்தொழில்களை மேற்கொண்டார். இவற்றினிடையே பெருங் காவியங்களும் இயற்றினார், மொழிபெயர்ப்புகளும் செய்தார், தெருவில் நின்று தொழிலாளர்க்குச் சொற்பொழிவும் ஆற்றினார். தொழில் பல மாறியும் இவர் எதிலும் அரைகுறையாய் நின்றாரல்லர். அது எங்ஙனம் கூடிற்று என்பதே நாம் ஆராயத்தக்கது.

மொறிஸ் 1834ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆந் திகதி இலண்டனுக்கு அணித்தாகிய வோல்தம்ஸ்ரோ என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் இலண்டன் நகரில் உண்டியல் வாணிகஞ் செய்தவர். டெவன் மாகாணத்திலே செப்புச் சுரங்கம் ஒன்றில் அவர் கொண்டிருந்த பங்குகள் எதிர்பாராத செல்வத்தை அக்குடும்பத்துக்கு அளித்தன. எப்பிங் என்னும் பழங்காட்டின் ஓரத்தில் அமைந்த பெருமனையிலே சிறுவர் மொறிஸ் வளர்ந்தார். அக்காட்டின் கொடிகளும் இலைகளும் பறவைகளும் அவர் கண்ணிலே அப்பொழுதே பதிந்தன. பிற்காலத்திலே தாளிலும் சீலையிலும் அவர் வரைந்த பூங்கோலங்களெல்லாம் இளமையிற் கண்ட காட்டின் மறுதோற்றம் என்று கூறினும் பொருந்தும். தந்தையார் 1847இல் இறந்தார். சுரங்கத்தின் செல்வமோ தொடர்ந்து வந்தது. இருபத்தொரு வயது நிரம்பியபொழுது ஆண்டுக்கு 900 பவுண் வருவாய் அவருக்கு உரியதாயிற்று. உணவுக்கென உழைக்கவேண்டாத நிலையிலிருந்த ஒருவரே உழைப்பின் பெருமையை உலகுக்கு உணர்த்தினார் என்பது சிந்திக்கத்தக்கது.

1853இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் எக்செற்றர் கல்லூரியைச் சேர்ந்தார். அங்கே எட்வேட் பேண்-ஜோன்ஸ் என்னும் மாணவர் அவருக்கு நண்பரானார். இருவரும் குருமாராதற்கென வந்தவர்கள். இருவரும் ஜோன் ரஸ்கின் எழுதிய நூல்களிலே ஈடுபட்டார்கள். இடைக்காலத்துக் கற்றச்சன் தான் செதுக்கிய தூணிலே தன் உள்ளத்தையும் செதுக்கினான் என்பதும், இயந்திர காலத்துத் தொழிலாளியோ பிறர் வகுத்ததை மகிழ்ச்சியின்றிச் செய்யும் கருவியாய்த் தாழ்ந்தான் என்பதும் ரஸ்கினுடைய கருத்து. 1855ஆம் ஆண்டுக் கோடையிலே நண்பர் இருவரும் வட பிரான்சு நாட்டுப் பேராலயங்களைக் காணச் சென்றனர். திரும்பும் வழியில், லெ ஆவ்ர் துறைமுகத்திலே இரவில் உலாவியபடி தம் வாழ்க்கையைக் கலைக்கே உரியதாக்குதல் என்று துணிந்தனர். பேண்-ஜோன்ஸ் ஓவியராதற்கும், மொறிஸ் கட்டடக் கலைஞராதற்கும் உறுதி பூண்டனர்.

1856இல் ஸ்ட்ரீற் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரிடம் மொறிஸ் பயிற்சிக்குச் சேர்ந்தார். அங்கே சில மாதங்களே நிலைத்தார். அளவுகோலும் வரைபடமுங் கொண்டு மேசையில் அமர்ந்திருத்தல் அவருடைய கைகளுக்கு ஒவ்வவில்லை. எனினும் அச்சிறு காலத்தில் பிலிப் வெப் என்னும் நண்பரைப் பெற்றார். பின்னர் ரொசெற்றி என்னும் ஓவியருடைய தூண்டுதலால் தூரிகையை எடுத்தார். 1857இல் ஒக்ஸ்போட் மாணவர் சங்கத்துப் புதிய மண்டபச் சுவரிலே ஆதர் மன்னன் கதையை நண்பர்கள் கூடி வரைந்தனர். புதுச் செங்கற் சுவரைப் பதப்படுத்தாமல், சுண்ணாம்பு பூசிய அளவிலே அதன்மேல் வரைந்தமையால், சில ஆண்டுகளுள் ஓவியங்கள் மங்கிப்போயின. எடுத்த பொருளின் இயல்பை அறியாதவனுக்கு எத்துணைக் கற்பனையிருந்தும் பயனில்லை என்னும் பாடத்தை அச்சுவர் அவருக்குக் கற்பித்தது போலும். அதன்பின் எத்தொழிலை எடுத்தாலும் அதன் மூலப்பொருளிலிருந்தே தொடங்குதல் அவருக்கு வழக்கமாயிற்று. அவர் முற்றுவித்த துணியோவியம் ஒன்றே இன்று எஞ்சியுள்ளது. மனித உருவம் வரைதல் தமக்குக் கைவராது என்பதை அவர் மறையாது ஒப்புக்கொண்டார்.

மூன்று வழிகளில் முயன்று மூன்றினும் நிலைபெறாத இளைஞரை அக்காலத்தில் யாரேனும் கண்டிருப்பின், செல்வச் செருக்கினால் உழலும் சோம்பர் என்றே எண்ணியிருப்பர். ஆயின் அவருக்குரிய வழி, கல்லூரியினின்றும் வரவில்லை, வீட்டிலிருந்தே வந்தது.

1859ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் ஜேன் பேடன் என்னும் பெண்ணை மொறிஸ் மணந்தார். அவர் ஒக்ஸ்போட்டிலே குதிரைலாயத்திற் பணிபுரிந்த ஓர் ஏழையின் மகளார். புதுமனை வேண்டியபொழுது, கென்ற் மாகாணத்திலே பெக்ஸ்லிகீத் என்னும் இடத்தில் பிலிப் வெப் ஒரு வீட்டைக் கட்டினார். செங்கல்லினால் ஆகிய அதனைச் செம்மனை என்றே அழைத்தனர். 1860இல் அதிலே குடிபுகுந்தபொழுது ஒரு குறை தோன்றிற்று. அவ்வீட்டுக்கு ஏற்ற நாற்காலியோ, திரைச்சீலையோ, விளக்கோ இலண்டன் கடைகளில் அவர் மனத்துக்கு இசைந்தவாறு கிடைத்தில. இயந்திரத்தாற் பண்ணிய பொருள்கள் மலிந்திருந்தன; அழகிய பொருள்கள் அரியனவாயிருந்தன. கிடைக்காதவற்றைத் தாமே செய்துகொள்ளுதல் என்று அவர் துணிந்தார்.

முதலிலே கைக்கொண்டது பூத்தையல். மணத்துக்கு முன்னரே பழைய மாதிரியைப் பார்த்துச் சட்டம் ஒன்று செய்வித்து, கம்பளி நூல்கொண்டு மரமும் பறவையும் தைத்துப் பழகியிருந்தார். அக்காலத்துத் தையல் முறைகளோ மிகவும் குன்றியிருந்தன; பழைய தையல்களைக் கற்பிப்பாரும் இலர். ஆகவே பழந்துணிகளை எடுத்து, இழை இழையாகப் பிரித்து, ஊசி சென்ற வழியைக் கண்டறிந்தார். தாம் கண்டதை மனைவியார்க்கும் கற்பித்தார். ஒருநாள் ஜேன் அம்மையார் இலண்டன் கடையொன்றில் நீலநிறமான முரட்டுக் கம்பளித் துணியைக் கண்டு வாங்கி வந்தார். அத்துணியிலே மொறிஸ் சிறு பூஞ்செடிகளை வரைய, இருவருமாக அவற்றைத் தைத்துச் செம்மனையின் படுக்கையறையில் தொங்கவிட்டனர். பிரித்துப் பார்த்துக் கற்றல் என்னும் இம்முறை, பின்னர் எடுத்த தொழிலனைத்துக்கும் அவருக்கு வழிகாட்டியாயிற்று.

வீட்டுக்கெனத் தொடங்கிய முயற்சி 1861இல் ஒரு நிறுவனமாக வளர்ந்தது. மொறிஸ், ரொசெற்றி, பேண்-ஜோன்ஸ், மடொக்ஸ் பிறவுண், வெப், போக்னர், மார்சல் என்னும் எழுவர் கூடி இலண்டன் ரெட் லயன் சதுக்கத்திலே தொழிலகம் அமைத்தனர். ஆலயங்களுக்கு வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும், மனைகளுக்கு மரச்சாமான், ஓடு, திரைச்சீலை முதலியனவும் செய்தளித்தனர். 1862இல் நிகழ்ந்த அனைத்துலகப் பொருட்காட்சியில் அவர்களுடைய பொருள்கள் பரிசு பெற்றன. சாளரங்களிலே உருவங்களைப் பேண்-ஜோன்ஸ் முதலியோர் வரைய, எக்கண்ணாடிக்கு எந்நிறம் என்று தேர்ந்து, ஈயப்பட்டையால் அவற்றை இணைக்கும் வழியை வகுப்பவர் மொறிஸாகவே இருந்தார். மனித உருவம் கைவராதவரிடத்தே நிறமும் கோலமும் குடிகொண்டிருந்தன.

சுவர்த்தாள் அடுத்து வந்தது. செம்மனைத் தோட்டத்துப் பந்தலிலே படர்ந்த ரோசாக் கொடியைக் கண்டு 1862இல் முதற்கோலத்தை வரைந்தார். அதனைத் துத்தநாகத் தகட்டினால் தாமே அச்சிட முயன்று தோற்றார். பின் பேரிமரக் கட்டைகளிலே கோலத்தைச் செதுக்குவித்து, அத்தொழிலில் தேர்ந்த அச்சகத்தார் ஒருவரைக் கொண்டு அச்சிடுவித்தார். நிறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மரவச்சு வேண்டும். ஒரு நிறம் உலர்ந்தபின்னரே மற்றொன்றைப் பதிக்கலாம். எனவே ஒரு தாள் முடியப் பல நாட்களாகும். அவர் வாழ்நாளில் வரைந்த சுவர்த்தாட் கோலங்கள் நாற்பதுக்கு மேற்பட்டன. அவற்றுட் பல இன்றும் அச்சிடப்படுகின்றன.

இவ்விடத்து மறைத்தற்கில்லாத ஓர் உண்மையையுங் கூறவேண்டும். அக்காலத்துப் பச்சை வர்ணங்கள் பலவற்றிலே ஆசனிக்கு என்னும் நச்சுப் பொருள் கலந்திருந்தது. மொறிஸுடைய தொடக்ககாலத் தாள்களிலும் அது இருந்தமை பிற்கால ஆய்வினாற் புலனாயிற்று. அன்றியும், அவருடைய குடும்பம் பங்குகொண்ட டெவன் சுரங்கம், செம்பு குன்றியபின் ஆசனிக்கையே பெருவாரியாக எடுத்து விற்றது. 1871 முதற் சில ஆண்டுகள் மொறிஸ் அதன் இயக்குநருள் ஒருவராகவும் இருந்தார். மருத்துவர் சிலர் சுவர்த்தாளால் நோய் வருமென்று எச்சரித்தபொழுது அவர் அதனை நம்பினாரல்லர். தொழிலாளியின் நலத்தைப் பின்னாளில் அவ்வளவு வற்புறுத்தியவர், தம் செல்வத்தின் ஊற்று எத்தொழிலாளியின் உடலை வருத்தியது என்பதை அப்பொழுது நினைத்தாரில்லை. பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இத்தகைய இடங்களைக் கடந்து செல்லுதல் தகாது.

தொழிலகத்துக்கும் செம்மனைக்கும் இடையே நாளும் பயணஞ் செய்தல் இயலாமையால் 1865இல் அவ்வீட்டை விற்று இலண்டன் மாநகருக்குத் திரும்பினார். மீண்டும் ஒருமுறை அதனைக் காண அவர் சென்றாரில்லை. நகரில் இருந்த காலத்திலே கவிதை பெருகிற்று. மண்ணுலகச் சுவர்க்கம் என்னும் பொருளமைந்த பெருங் கதைப்பாடற் றொகுதி 1868 முதல் 1870 வரை வெளிவந்து, அவரை இங்கிலாந்தின் முன்னணிக் கவிஞருள் ஒருவராக்கியது. அக்காலத்திலேயே பழைய ஏடுகளைப் பார்த்து இறகுப் பேனாவால் எழுத்தணி பழகி, பொன்னும் வண்ணமும் இட்டுக் கையெழுத்து நூல்கள் செய்தார். பல பிரதிகளாகப் பெருகும் நூலையும் இயற்றி, ஒரே பிரதியாக நிற்கும் நூலையும் எழுதியவர் அவர். இவ்விரண்டும் இருபதாண்டுகளின் பின் ஓரிடத்திற் கூடின. அதனைப் பின்னர்க் காண்போம்.

இல்வாழ்க்கையில் அவருக்கு அமைதி கிட்டவில்லை. மனைவியாருடைய உள்ளம் ரொசெற்றியிடஞ் சென்றிருந்ததை அறிந்தும் பழிகூறாது பொறுத்தார். 1871இல் தேம்ஸ் நதியின் மேற்பகுதியிலே கெல்ம்ஸ்கொற் என்னும் கிராமத்துப் பழமனையை ரொசெற்றியுடன் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்து, குடும்பத்தை அங்கே இருத்தி, தாம் ஐஸ்லாந்து நாட்டுக்குப் பயணமானார். எரிமலைக் கற்களும் வறுமையும் நிறைந்த அந்நாட்டிலே, துன்பத்தைத் தளராது தாங்கும் எளிய மக்களைக் கண்டார். 1873இல் மறுமுறையும் சென்றார். அந்நாட்டுப் பழங்கதைகளை ஐஸ்லாந்து அறிஞர் ஒருவரின் துணைகொண்டு ஆங்கிலத்திற் பெயர்த்தார்.

1875இல் கூட்டு நிறுவனம் கலைந்து மொறிஸ் ஒருவர்க்கே உரியதாயிற்று. அவ்வாண்டிலேதான் அவருடைய தொழில்களுள் மிகக் கடினமானது தொடங்கிற்று. சீலையிலே தாம் கருதிய நிறங்கள் வரவில்லை என்பது அவருக்குப் பெருங் குறையாயிருந்தது. 1856இல் பேர்க்கின் என்னும் இளைஞர் கரித்தாரிலிருந்து செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தபின், மரஞ்செடிகளினின்று எடுக்கும் பழஞ் சாயங்கள் கைவிடப்பட்டன. புதுச் சாயங்கள் கண்ணைப் பறிக்கும். அவற்றுட் பல வெயிலிலே விரைவில் அருவருப்பாய் வெளிறும். பழஞ் சாயமோ வெளிறினும் இனிமை குன்றாது. நெசவுக்கும் அச்சுக்கும் அடிப்படை சாயமே என்று கண்ட மொறிஸ், ஸ்ரபட்சயர் மாகாணத்து லீக் என்னும் ஊரிலே சாயத்தொழிற்சாலை வைத்திருந்த தோமஸ் வாடில் என்பாரிடஞ் சென்றார். நாற்பதாண்டை அடைந்த புகழ்பெற்ற கவிஞர், மரக்காலணி பூண்டு, தொழிலாளர் உடையணிந்து, சாயத்தொட்டியருகே நின்று கற்றார். பிளினியின் பழைய இலத்தீன் நூலையும், ஜெராட்டின் மூலிகை நூலையும் துருவிச் சாயமுறைகளைத் தேடினார்.

சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேரையும், கொக்கினில் முதலிய பூச்சிகளையும். மஞ்சளுக்கு வெல்டு என்னும் பூண்டையும். கபிலத்துக்கு வால்நற் மரத்து வேரையும். நீலத்துக்கு அவுரியையும் கையாண்டார். முற்காலத்திலே நம் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிற் கிண்டி எடுத்த சாயவேரும் மஞ்சிட்டியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அவுரி நீரிற் கரையாதது. அதனைத் தொட்டியிலே நொதிக்கச் செய்து நிறம் நீக்கினாலன்றி நூலிற் பற்றாது. அத்தொட்டியினின்று எடுத்த நூல் முதலிற் பச்சையாய்த் தோன்றி, காற்றுப்பட்டவுடன் கண்முன்னே நீலமாகும். தொட்டியின் சூடும் மணமும் சிறிது பிசகினும் சாயம் கெடும். பல மாதம் தவறித் தவறியே அதனை வசப்படுத்தினார். முழங்கைவரை நீலமேறிய கைகளோடு அவர் நண்பர் வீடுகளுக்குச் செல்வதுண்டு. அக்காலத்திலேயே, 1876இல், மூத்த மகளார் ஜென்னி காக்கைவலி நோய்க்கு ஆளானார். தம் குலத்து இரத்தத்தினாலேயே அந்நோய் வந்தது என்று தந்தையார் தம்மை நொந்துகொண்டார். அத்துயர் அவரை இறுதிவரை விட்டகலவில்லை. எனினும் கைகள் ஓயவில்லை.

சாயம் கைவந்தபின் தறி வந்தது. 1877இல் பிரான்சு நாட்டு லியோன் நகரினின்று பட்டு நெசவாளர் ஒருவரை வரவழைத்து நெசவு தொடங்கினார். 1878இல் இலண்டனுக்கு மேற்கே ஹமர்ஸ்மித்திலே தேம்ஸ் நதிக்கரை வீடொன்றிற் குடிபுகுந்து, வண்டிக்கொட்டிலிலே கம்பளத் தறிகளை நிறுத்தி, பெண்களுக்கு முடிச்சிடும் முறையைக் கற்பித்தார். தமது படுக்கையறையிலே செங்குத்தான சித்திரத்தறி ஒன்றை நாட்டினார். அத்தறியில் நெய்பவர் சீலையின் பின்புறம் இருப்பார். முன்புறத்துச் சித்திரத்தைப் பாவிழைகளின் இடையே எதிரிலுள்ள கண்ணாடியிற் பார்த்தே அறிவார். அக்கலையைக் கற்பிப்பார் இங்கிலாந்தில் இல்லாமையால், பழைய பிரெஞ்சு நூல் ஒன்றைத் துணையாகக் கொண்டு தாமே கற்றார். 1879ஆம் ஆண்டு மே மாதந் தொடக்கம் செத்தெம்பர் வரை விடியுமுன் எழுந்து அமர்ந்து, இலையுங் கொடியும் பறவையும் அமைந்த முதற் சித்திரச் சீலையை நெய்து முடித்தார். அதற்குச் சென்ற நேரத்தைக் குறிப்பேட்டில் நாள்தோறும் பதிந்து வந்தார். மொத்தம் 516 மணி. மற்றைய அலுவல்களை ஒன்றும் விடாதே இது செய்தார் என்பது வியப்பு.

1881இல் இலண்டனுக்குத் தெற்கே, வாண்டில் ஆற்றங்கரையில் மேட்டன் என்னும் இடத்துப் பழைய சாயத் தொழிற்சாலையை எடுத்து, கண்ணாடி, சாயம், சீலையச்சு, நெசவு, கம்பளம் அனைத்தையும் ஓரிடத்தில் அமைத்தார். 1883இல் வெளிவந்த ஸ்ட்ரோபெரிக் கள்வன் என்னும் சீலை இவற்றுட் புகழ்பெற்றது. கெல்ம்ஸ்கொற் தோட்டத்திலே வலைக்கடியிற் புகுந்து பழந் திருடிய பறவைகளே அதன் பொருள். சீலை முழுவதையும் முதலில் அவுரியில் தோய்ப்பர். நிறம் வேண்டாத இடங்களில் வெளுப்பிக்கும் மருந்தை மரவச்சினாற் பதித்துக் கழுவுவர். அவ்வெண்ணிடங்களில் மஞ்சிட்டிச் சிவப்பையும் வெல்டு மஞ்சளையும் முறையே ஏற்றுவர். செலவு மிக்க தொழில். ஆயினும் அச்சீலை நன்கு விலைபோயிற்று.

விலைபோயிற்று என்னும் அச்சொல்லிலேதான் அவருடைய பெருந் துன்பம் அடங்கியிருந்தது. எல்லாருடைய இல்லத்திலும் அழகு விளங்கவேண்டும் என்று கருதித் தொடங்கினார். கையாற் செம்மையாகச் செய்த பொருளுக்கு நேர்மையான கூலி கொடுத்தால் விலை ஏறும். விலை ஏறினால் செல்வர் மட்டுமே வாங்குவர். சாயந் தோய்ப்பவனும் நெய்பவனும் தாம் செய்த சீலையைத் தம் வீட்டிலே தொங்கவிடுதல் இயலாததாயிற்று. குறை தம் தொழிலில் இல்லை, தொழிலாளியை வறியனாக வைத்திருக்கும் சமுதாய அமைப்பிலேதான் உள்ளது என்று அவர் முடிவு செய்தார். 1883இல் சமவுடைமை இயக்கத்திற் சேர்ந்தார். தெருக்களிலும் மண்டபங்களிலும் பேசினார், பத்திரிகை நடத்தினார், பழைய நூல்களை விற்று இயக்கத்துக்குப் பணங் கொடுத்தார். 1887ஆம் ஆண்டு நவம்பர் 13ஆந் திகதி இலண்டன் திரபல்கர் சதுக்கத்தை நோக்கிச் சென்று பொலிசாரால் அடித்துக் கலைக்கப்பட்ட ஊர்வலத்தில் அவரும் இருந்தார். 1890இல் எழுதிய எதிர்காலக் கதையிலே, கூலிக்கன்றி மகிழ்ச்சிக்காகவே மக்கள் கைத்தொழில் செய்யும் நாட்டைப் படைத்துக் காட்டினார். சமவுடைமை பேசியவர் தாம் முதலாளியாக இருந்தமை முரணன்றோ என்று அக்காலத்தாரும் வினாவினர். அவ்வினாவுக்கு அவர் வாழ்நாளில் முழுவிடை கண்டார் என்று கூறமுடியாது. விடை காணாமையை மறையாது அதனோடு போராடினார் என்று கூறலாம்.

இறுதியாக வந்த கலை நூலச்சு. 1888 நவம்பரிலே எமரி வோக்கர் என்னும் நண்பர், பழைய அச்சுநூற் பக்கங்களை விளக்கொளியினாற் பெரிதாக்கித் திரையிற் காட்டிச் சொற்பொழிவாற்றினார். அதனைக் கேட்டுத் திரும்பும்பொழுதே புதிய அச்செழுத்துச் செய்வதென்று மொறிஸ் துணிந்தார். பதினைந்தாம் நூற்றாண்டிலே வெனிசு நகரில் ஜென்சன் அச்சிட்ட எழுத்துக்களைப் படமெடுத்துப் பெருக்கி, அவற்றின் மீது மீண்டும் மீண்டும் வரைந்து வடிவுணர்ந்து, பின் தமக்குரிய எழுத்தை வரைந்தார். பூத்தையலில் இழை பிரித்தவர், இங்கே எழுத்தைப் பிரித்தார். கென்ற் மாகாணத்து ஆலையிலே சணற்கந்தையினாற் கைத்தாள் செய்வித்தார். செருமனியினின்று மை வருவித்தார். 1891இல் ஹமர்ஸ்மித்திலே கெல்ம்ஸ்கொற் அச்சகம் தோன்றிற்று. அதிலிருந்து வெளிவந்த நூல்கள் 53. கவிஞரும் எழுத்தணிக் கலைஞரும் கோலம் வரைந்தவரும் ஆகிய மூவர் மொறிஸும் அங்கே ஒருவராயினர்.

அந்நூல்களுள் தலையாயது சோசர் என்னும் பழங்கவிஞரின் நூற்றொகுதி. அதற்குப் பேண்-ஜோன்ஸ் வரைந்த சித்திரங்கள் 87. பக்க ஓரங்களின் கொடிக்கோலங்களையும் முதலெழுத்துக்களையும் மொறிஸ் வரைந்தார். தாளில் 425 பிரதியும், கன்றுத்தோலில் 13 பிரதியும் அச்சாயின. கல்லூரியிலே ஒன்றாய்ச் சோசரைப் படித்த நண்பர் இருவரும், ஏறக்குறைய நாற்பதாண்டு கழித்து, 1896 யூன் மாதத்தில், முதற் பிரதிகளைக் கையிற் கொண்டனர். அப்பொழுது மொறிஸ் நோயுற்றுத் தளர்ந்திருந்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 3ஆந் திகதி, தமது அறுபத்திரண்டாம் வயதில் இறந்தார். பத்துப்பேர் செய்யும் வேலையை ஒருவராகச் செய்ததே அவருக்கு நோய் என்று மருத்துவர் ஒருவர் கருதினார் என்பர். அலரிக்கிளை சூட்டிய உழவர் வண்டியிலே அவருடைய உடல் கெல்ம்ஸ்கொற் கிராமத்துக் கோயில் வளவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. கல்லறையை வகுத்தவர் பழைய நண்பராகிய பிலிப் வெப்.

இவ்வரலாறு நம் நாட்டோடு தொடர்பில்லாத ஒன்றன்று. 1898இல் கெல்ம்ஸ்கொற் அச்சகம் மூடப்பட்டபின் அதன் கையச்சுப் பொறிகள் ஆஷ்பீ என்பாரின் கைவினைக் கழகத்துக்குச் சென்றன. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாராகிய கலாநிதி ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருளாய்வுத் தலைவராயிருந்தார். கல்லைத் தேடிச் சென்றவர் கண்டிக் கிராமங்களிலே அழிந்து வரும் கைவினைஞரைக் கண்டார். மனைவியார் எதெலுடன் கூடி அவர்களுடைய தொழில்முறைகளைக் குறித்தார். அவ்வம்மையாரே பின்னாளில் நெசவிலும் சாயத்திலும் இங்கிலாந்திற் பெயர்பெற்றவர். குமாரசுவாமி தம் ஆராய்ச்சியை இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலாக்கி, 1908இல் பிறோட் கம்டன் என்னும் ஊரிலே தம் மேற்பார்வையில் கையாலேயே அச்சிடுவித்தார். அச்சிட்ட பொறி, மொறிஸ் சோசரை அச்சிட்ட அதே பொறி. அச்சான பிரதிகளும் 425. தேம்ஸ் நதிக்கரையில் எழுந்த ஒரு சிந்தனை, மகாவலி நதிக்கரைச் சிற்பாசாரியரின் பெயரை உலகறியச் செய்தது.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். மொறிஸ் தொழில் மாறினாரா? மாறினார். ஆனால் ஒன்றில் சலிப்புற்று மற்றொன்றுக்குத் தாவினாரல்லர். வீடு பூத்தையலைக் கேட்டது. பூத்தையல் நல்ல நூலைக் கேட்டது. நூல் சாயத்தைக் கேட்டது. சாயம் தறியைத் தேடியது. கவிதை ஏட்டையும், ஏடு அச்சையும் நாடின. ஒவ்வொரு கலையும் அடுத்த கலைக்கு வாயிலாயிற்று. எதனையும் தம் கையாற் செய்து தேர்ந்த பின்னரே பிறர்க்குக் கற்பித்து, அவர் கையில் ஒப்படைத்து அகன்றார். சித்திரத்தறியிலே இளைஞனாக வந்து பயின்ற டேர்ல் என்பார் பின்னர் நிறுவனத்தின் தலைமைக் கலைஞரானதும், இளைய மகளார் மே 1885 முதற் பூத்தையற் பகுதியை நடத்தியதும் அதற்குச் சான்று. பல தொழில்களாய்த் தோன்றியவை ஒரே தொழிலின் பல படிகளே.

நம் பாடசாலைகளிலே கைப்பணிக்கென ஒதுக்கிய பாடவேளையைச் சோதனைக் காலம் அணுகியதும் கணக்குக்கோ விஞ்ஞானத்துக்கோ எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. யானும் அங்ஙனஞ் செய்ததுண்டு. பனையோலை பின்னும் மாணவியையும், மரத்துண்டைச் செதுக்கும் மாணவனையும் படிப்பில் நாட்டமில்லாதோர் என்று எளிதில் முடிவு செய்துவிடுகின்றோம். மூன்று துறைகளில் நிலைபெறாது நின்ற இளைஞர் மொறிஸ் நம் வகுப்பில் இருந்திருப்பின், அவரையும் அவ்வாறே எண்ணியிருப்போம். விரல் கற்பதும் கல்வியே என்பதை அவருடைய நீலமேறிய கைகள் நமக்கு உணர்த்துமாயின், இவ்வரலாற்றைப் படித்தது வீண்போகாது.